ஆளுக்கு ஆள் மாறும் நாடித்துடிப்பு



ஓடினால் இருதயம் வேகமாக அடிக்கும். மேடு ஏறினால் மூச்சு வாங்கும். இது சிறு குழந்தைக்கும் தெரிந்த செய்தி. ஆனால், ஒரே மேட்டை ஒரே வேகத்தில் ஏறி வந்த இரண்டு பேரின் நாடியைப் பிடித்துப் பார்த்தால், ஒருவருக்கு நிமிடத்திற்கு 110 துடிப்பும் மற்றவருக்கு 150 துடிப்பும் இருக்கக் காணலாம். இந்த வேறுபாடு எதனால் வருகிறது? 150 உள்ளவர் நோயாளியா? 110 உள்ளவர் பலசாலியா? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உடம்பை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது மிகவும் தேவையான பாடம். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், உர மூட்டை சுமப்பவர்கள், உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள், பால்மரம் வெட்டுகிறவர்கள் எல்லாரும் நாள்தோறும் இருதயத்திற்கு வேலை கொடுக்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் திடலில் பந்து விளையாடுகிறார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குப் போய்விட்ட பிள்ளைகளோ, ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் ஓடுகிறார்கள். துடிப்பை எண்ணிக் காட்டும் கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொள்கிறார்கள். எண் தெரிகிறது, அதன் பொருள் தெரிகிறதா? பொருள் தெரியாவிட்டால் இரண்டு வகையில் தீங்கு உண்டு. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுவோம்; கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

முதலில் இருதயத்தின் வேலையைப் பார்ப்போம். இருதயம் ஏறக்குறைய அவரவர் மூடிய கையளவு உள்ள ஒரு தசை. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அது இரத்தத்தை உடலெங்கும் தள்ளுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய இருதயம் ஒரு துடிப்பிற்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளும். நிமிடத்திற்கு 70 துடிப்பு என்றால், கிட்டத்தட்ட 5 லிட்டர் ஆகிறது. கடுமையாக உழைக்கும்போது தசைகள் அதிகமான பிராணவாயுவைக் கேட்கும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது இரத்தம்தான். அதனால் நிமிடத்திற்கு 5 லிட்டராக இருந்த ஓட்டம் 15, 20 லிட்டர்வரை உயர வேண்டியிருக்கிறது.

இப்போது பைப்படியில் தண்ணீர் பிடித்து வீட்டுத் தொட்டியை நிரப்புவதை நினைத்துப் பாருங்கள். அக்காள் கையில் பெரிய வாளி. தங்கை கையில் சின்ன வாளி. இருவரும் ஒரே அளவுத் தொட்டியை ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டும். அக்காள் ஐந்து நடை நடந்தால் போதும். தங்கை பத்து நடை ஓட வேண்டும். தங்கை ஓடுகிறாள் என்பதற்காக அவள் வேலை தெரியாதவள் என்று சொல்வோமா? வாளி சிறியது; ஆகவே நடை அதிகம். இருதயத்தின் கதையும் இதுதான். ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் வாளி. துடிப்பின் எண்ணிக்கை நடை. வாளி பெரிதாக இருந்தால் நடை குறையும்.

இந்த வாளி ஆளுக்கு ஆள் மாறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. உடலமைப்பு ஒன்று. சிறிய உடம்பில் சிறிய இருதயம். அதனால்தான் குழந்தைகளின் நாடி பெரியவர்களின் நாடியைவிட வேகமாக இருக்கிறது. பொதுவாகப் பெண்களின் இருதயம் ஆண்களின் இருதயத்தைவிடச் சற்றுச் சிறியது. ஆகையால், கணவனும் மனைவியும் ஒரே எடையைத் தூக்கிக்கொண்டு ஒரே தூரம் நடந்தால், மனைவியின் துடிப்புப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். இதில் குறையொன்றும் இல்லை.

அடுத்தது பழக்கம். மாதக்கணக்கில் ஓடிப் பழகியவரின் இருதயம் ஒரு துடிப்பிற்கு அதிக இரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. 70 மில்லிலிட்டர் 100 மில்லிலிட்டர் ஆனால், ஓய்வில் 50 துடிப்பிலேயே அந்த 5 லிட்டர் ஓடிவிடும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் சிலருக்கு ஓய்வுத் துடிப்பு 40 அளவில்கூட இருப்பதுண்டு. சாதாரணமாகப் பெரியவர்களுக்கு ஓய்வுத் துடிப்பு 60 முதல் 100 வரை இருக்கலாம் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். எவ்வளவு அகலமான எல்லை என்று பாருங்கள்! 62 உள்ளவரும் சுகவாசி. 88 உள்ளவரும் சுகவாசியாக இருக்கலாம். தொடக்கமே இப்படி வேறுபட்டால், ஓடும்போது இருவரும் ஒரே எண்ணில் நிற்பது எப்படி?

மூன்றாவது காரணம் வயது. இருதயம் அடிக்கக்கூடிய உச்ச வேகம் ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்புக் கிடைக்கும் என்று ஒரு கணக்கு வழங்கி வருகிறது. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையிலிருந்து பரவிய கணக்கு இது. 2001-ஆம் ஆண்டில் அதைத் திருத்தி வேறொரு கணக்கும் வந்தது: வயதை 0.7-ஆல் பெருக்கி, 208-இலிருந்து கழிக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு இரண்டு கணக்கிலும் 180 வரும். 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 160. இரண்டாவது கணக்கில் 166.

ஆனால், இந்தக் கணக்குகள் கூட்டத்தின் சராசரியைச் சொல்வன. தனி ஆளின் உடம்பைச் சொல்வன அல்ல. சட்டைக் கடையில் நாற்பது வயதுக்கு இந்த அளவு என்று ஒரே சட்டையை எல்லாருக்கும் கொடுக்க முடியுமா? அதுபோலத்தான். 40 வயதுடைய நூறு பேரைச் சோதித்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 180-க்கு மேலோ கீழோ 10, 12 துடிப்பு வித்தியாசத்திற்குள் இருப்பார்கள். மற்றவர்கள் அதற்கும் வெளியே இருப்பார்கள். ஒருவரின் உச்சம் 165 ஆக இருக்கலாம். அவருடைய தோழரின் உச்சம் 195 ஆக இருக்கலாம். இருவரும் நல்ல சுகத்தோடு இருப்பவர்கள்தான். இது பெரும்பாலும் பிறவியில் அமைவது. பயிற்சி செய்து உச்சத்தை உயர்த்திவிட முடியாது. உச்சம் அதிகம் உள்ளவர் பலசாலி என்ற பொருளும் இல்லை.

இதில் அடங்கியுள்ள முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். மேற்சொன்ன இருவரும் சேர்ந்து ஓடுகிறார்கள். இருவர் கடிகாரமும் 150 என்று காட்டுகிறது. உச்சம் 165 உள்ளவர் தம் முழு வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எட்டிவிட்டார். அவரால் நெடுநேரம் தாங்க முடியாது. உச்சம் 195 உள்ளவரோ நூற்றுக்கு எழுபத்தேழு பங்கில்தான் இருக்கிறார். எண் ஒன்று, உழைப்பு வேறு. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணை வைத்து நம்மை அளந்துகொள்வது தவறு.

நான்காவது, இரத்தத்தின் தரம். இதைப் பால்மரம் வெட்டியவர்களுக்கு விளக்குவது எளிது. மழைநீர் கலந்த பாலை வாளி நிறையக் கொண்டுபோய் நிறுத்தாலும், அதிலிருந்து கிடைக்கும் ரப்பர் குறைவுதானே? வாளி நிறைந்திருக்கிறது, சரக்குக் குறைவு. இரத்தச் சோகை உள்ளவரின் இரத்தமும் அப்படிப்பட்டது. பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புச் சத்தை ஹீமோகுளோபின் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அது 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்று கணக்கு. சத்துக் குறைந்த இரத்தத்தைக் கொண்டு தசையின் பசியைத் தீர்க்க வேண்டுமானால், இருதயம் இன்னும் பல நடை நடக்க வேண்டும். அதனால்தான் சோகை உள்ள பெண் சிறு மேட்டில் ஏறினாலும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்துவிடுகிறாள்.

அப்படி உட்கார்ந்தவளை நாம் என்ன சொல்கிறோம்? "சோம்பேறி, வேலைக்கு வளையாதவள்" என்கிறோம். மாமியார் சொல்கிறார், கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள், சில வேளை கணவனே சொல்கிறான். அவளும் அதை நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள். ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். சோகைக்குக் காரணம் பல: மாதவிடாயில் அதிக இரத்தப் போக்கு, அடுத்தடுத்த பிரசவம், உணவில் இரும்புச் சத்துக் குறைவு, வெறுங்காலுடன் நடப்பதால் உடம்பில் ஏறும் கொக்கிப்புழு, பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறு ஆகியவை. காரணம் தெரியாமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கிளினிக்கிற்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். கீரை, மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றை உணவில் சேருங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அதை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாவது, வெயிலும் தண்ணீரும். நம் நாட்டின் வெப்பம் ஈரம் கலந்த வெப்பம். வியர்வை எளிதில் உலராது. உடலின் சூட்டைத் தணிக்க இரத்தம் தோலை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது. தசைக்கும் கொடுக்க வேண்டும். தோலுக்கும் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் வியர்வையாகத் தண்ணீர் வெளியேறுவதால் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவும் குறைகிறது. வாளி சிறுத்துப் போகிறது, நடை கூடுகிறது. ஆகவே, காலை ஏழு மணிக்குச் செய்த அதே வேலையை உச்சிப் பொழுதில் செய்யும்போது துடிப்பு 10, 20 கூடிவிடுவது இயல்பு. நீண்ட விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பியவருக்கும், புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் இது இன்னும் அதிகமாக இருக்கும். ஒன்று, இரண்டு வாரத்தில் உடம்பு வெயிலுக்குப் பழகும். அதுவரை அவர்களை முழு வேகத்தில் விரட்டக்கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும்.

இவை தவிர, உடல்நிலைக்கேற்பவும் துடிப்பு மாறும். காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், துடிப்புச் சுமார் 10 கூடும். காய்ச்சலோடு பந்தாடப் போகும் பையனைத் தடுத்து நிறுத்துங்கள். சில கிருமிகள் இருதயத் தசையையே தாக்கக்கூடியவை. கருவுற்ற பெண்ணுக்கு ஓய்விலேயே 10 முதல் 20 துடிப்புவரை கூடும். அவள் இரண்டு உயிருக்காக உழைக்கிறாள். சிகரெட், கோப்பி, தூக்கமின்மை, கவலை, பந்தயத்திற்கு முன் வரும் பதற்றம் ஆகியவையும் துடிப்பை ஏற்றும்.

துடிப்பைக் குறைத்துக் காட்டும் மருந்துகளும் உண்டு. இரத்த அழுத்தத்திற்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் புரோப்ரானலோல், அட்டெனலோல், மெட்டோபுரோலோல் போன்ற மாத்திரைகள் இருதயத்தின் வேகத்தை அடக்கி வைக்கும். இவ்வகை மருந்தை உருவாக்கிய சர் ஜேம்ஸ் பிளாக் என்ற அறிஞர் 1988-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இம்மாத்திரை சாப்பிடும் ஐயா ஒருவர் மூச்சு முட்ட நடந்தாலும் அவர் கடிகாரம் 105 என்று காட்டலாம். "எனக்கு எண் ஏறவே இல்லை, இன்னும் ஓடுவேன்" என்று அவர் எண்ணிவிடக் கூடாது. அவருக்கு மேற்சொன்ன வயதுக் கணக்கு எதுவும் பொருந்தாது. எண்ணை ஏற்றுவதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவதோ மிகவும் ஆபத்து.

இனிப்பு நீர் உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், இருதயத்தை நடத்தும் நரம்புகள் கெட்டுப் போகும். அப்போது ஓய்விலேயே துடிப்பு அதிகமாக இருக்கும். உழைக்கும்போது தக்கபடி ஏறாது. நெஞ்சு வலிகூடச் சிலருக்குத் தெரியாமல் போகும். மலேசியாவில் இந்நோய் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

"இத்தனை வேறுபாடு இருந்தால், நாடியைப் பார்த்து என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. உங்கள் எண்ணைப் பிறர் எண்ணோடு ஒப்பிடாமல், உங்கள் எண்ணோடேயே ஒப்பிட வேண்டும். நேற்றைய நீங்களும் இன்றைய நீங்களும்தான் சரியான ஜோடி.

நாடி பார்ப்பது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர்கள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடியின் நடையை உணர்ந்தார்கள். கடிகாரம் வைத்து எண்ணும் முறையை, 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளோயர் ஒரு நூலாகவே எழுதினார். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பெருவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். பெருவிரலால் தொடாதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்குக் குழம்பும். துடிப்பை வைத்து மூன்று எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் எண், காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே எடுப்பது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒரு வாரம் தொடர்ந்து எண்ணினால் உங்கள் வழக்கமான அளவு தெரிந்துவிடும். 68 வழக்கமாக உள்ளவருக்கு ஒரு நாள் காலையில் 80 இருந்தால், உடம்பு ஏதோ சொல்கிறது: காய்ச்சல் வரப்போகிறதோ, நேற்றைய களைப்புத் தீரவில்லையோ, தண்ணீர் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வேலையை அல்லது ஓட்டத்தை நிறுத்தியவுடன் எடுப்பது. பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். துடிப்பு விரைவாக இறங்கிவிடுவதால், அதிக நேரம் எண்ணினால் கணக்குத் தவறும்.

மூன்றாவது, ஒரு நிமிடம் கழித்து எடுப்பது. இதுதான் மிகவும் பயனுள்ள எண். இருதயத்தை இரண்டு வகை நரம்புகள் நடத்துகின்றன. ஒன்று மூக்கணாங்கயிறு போல இழுத்துப் பிடிப்பது. மற்றது தார்க்குச்சி போல விரட்டுவது. வேலை நின்றவுடன் மூக்கணாங்கயிறு இறுகி, வண்டி நிதானத்திற்கு வர வேண்டும். நல்ல நிலையில் உள்ள இருதயம் முதல் நிமிடத்திலேயே நன்றாக இறங்கும். 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்கும் குறைவாகவோ இறங்கியவர்களுக்குப் பின்னாளில் ஆபத்து அதிகம் என்று கண்டது. ஒரு நாள் குறைந்தால் அஞ்ச வேண்டாம். பல நாள் இப்படியே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பயிற்சி தொடரத் தொடர இந்த இறக்கம் விரைவாகும். அதுவே முன்னேற்றத்தின் அடையாளம்.

கைக்கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அது தோலுக்குள் ஒளியைச் செலுத்தித் துடிப்பைக் கணக்கிடுகிறது. வார் தளர்ந்திருந்தாலும், கை அதிகமாக ஆடினாலும் தவறு காட்டும். சந்தேகம் வந்தால் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

கடிகாரமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு, அது பேச்சு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால், அது நடுத்தரமான உழைப்பு. சுகத்திற்கு இதுவே போதும். வாரத்திற்கு 150 நிமிடம் இப்படி நடந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், அது கடுமையான உழைப்பு. இந்த அளவுகோல் ஒவ்வொருவர் உடம்புக்கும் ஏற்ப அமைந்திருப்பதுதான் இதன் சிறப்பு. மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் இது பொருந்தும்.

இறுதியாக, எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிராமல் உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறேன். நெஞ்சில் பாரம் அல்லது வலி; அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுதல்; குளிர்ந்த வியர்வை; மயக்கம்; துடிப்பு ஒழுங்கின்றித் தாறுமாறாக ஓடுதல்; வெயிலில் வேலை செய்தவர் பேச்சுத் தடுமாறி உளறுதல். இவற்றில் எது வந்தாலும் வேலையை நிறுத்துங்கள், 999-ஐ அழையுங்கள். வெயிலில் உளறியவரை நிழலுக்குக் கொண்டுபோய், வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அவசரம் இல்லாவிட்டாலும், ஓய்வுத் துடிப்புப் பல நாள் 100-க்கு மேல் இருந்தால், அல்லது 50-க்குக் கீழ் இறங்கித் தலைச்சுற்றலும் இருந்தால், கிளினிக்கிற்குச் சென்று காட்டுங்கள். நாற்பதைத் தாண்டி, நெடுநாள் ஓடாமல் இருந்தவர்கள், இளைஞர்களோடு பந்தயம் கட்டி ஓட வேண்டாம். நடையில் தொடங்கி, வாரத்திற்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

நேயர்களே, மூச்சு வாங்கி நிற்பவரைக் கண்டால் கேலி செய்யாதீர்கள். சற்று உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நாடியைப் பாருங்கள். நாளைக் காலையில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் துடிப்பை எண்ணி, பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில் பெயரும் எண்ணும் எழுதி வையுங்கள். எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அவர்கள் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். பாட்டியின் எண்ணும் பேரனின் எண்ணும் ஒன்றாக இராது. அது ஏன் என்று அவர்கள் கேட்கும்போது, விளக்கிச் சொல்ல உங்களுக்கு இப்போது தெரியும்.